பிழையைத் தெரிவிப்பது எப்படி?

ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு ஒன்று அச்சிடும்போது நின்றுபோனது. "வேலை செய்யவில்லை, உடனே சரி செய்யவும்" என்று அதை உருவாக்கியவர்களுக்கு எழுதினேன். "எந்தப் பதிப்பு? என்ன செய்தபோது?" என்று ஒரே வரியில் பதில். எனக்குக் கோபம்தான். (சுருக்கென்று பேசுவது அவர்களில் சிலருக்குப் பழக்கம்!) ஆனால் கேள்வி நியாயமானது. அதே பிழை தன் கணினியிலும் தோன்றினால்தான் அவர் அதை எளிதில் திருத்த முடியும். பலர் இதைச் சம்பளமின்றிச் செய்கிறார்கள்.

நீங்கள் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தினால், ஹெல்ப் மெனுவில் அபவுட் கிளிக் செய்யுங்கள். பதிப்பு எண், ஆப்பரேட்டிங் சிஸ்டம் விவரம் கிடைக்கும். அவற்றைக் காப்பி செய்து, பிழை வரும்வரை செய்தவற்றை வரிசையாக எழுதி அனுப்புங்கள். சொந்த விவரங்கள் உள்ள ஃபைலை இணைக்காதீர்கள். மற்றவர்களும் அதைப் பார்க்க முடியும்.

என் இரண்டாவது கடிதத்தில் ஏழு வரிகள் இருந்தன. அடுத்த பதிப்பில் பக்கம் ஒழுங்காக அச்சானது.