சுகர் இருக்கும் வீட்டில் மனசும் இனிக்க...

சர்க்கரை நோய் ரத்தத்தோடு நிற்பதில்லை. கோபம், பயம், சலிப்பு என்று மனசிலும் ஏறி உட்காரும். வீட்டில் எல்லோரும் கைகொடுக்கச் சில குறிப்புகள்:

1. காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறாரா? கை நடுங்கி, வியர்க்கிறதா? பதிலுக்குக் கத்தாமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது லோ சுகர் செய்யும் வேலை. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

2. இன்சுலின் போடுகிறவர்களுக்கு ‘ராத்திரி சுகர் இறங்கிவிடுமோ’ என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும். தலைமாட்டிலும் கைப்பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.

3. சுகர் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்: ‘தூக்கமில்லை’, ‘கல்யாணச் சாப்பாடு’, ‘மகனோடு சண்டை’. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும். இரண்டு வாரத்தில் எது ஏற்றுகிறது என்று பிடிபடும்.

4. ஃபாஸ்டிங் 160 வந்தால், “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று விசாரணை வேண்டாம். “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேளுங்கள். ஒரு நாள் எண் ஒரு நாளைத்தான் சொல்லும். சுமார் 3 மாத நிலவரத்தைச் சொல்வது எச்பிஏ1சி.

5. பந்தியில், “அவருக்கு சுகர், ஜாங்கிரி வைக்காதீங்க!” என்று உரக்கச் சொல்லாதீர்கள். நாலு பேர் முன் கூனிக் குறுகுபவர், பிறகு ஒளித்துச் சாப்பிடப் பழகிவிடுவார். பாதி ஜாங்கிரி சாப்பிட்டு, சாதத்தைக் குறைத்துக்கொள்வதை அவர் முடிவுக்கே விடுங்கள்.

6. அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கும். எல்லோர் தட்டிலும் சோற்றைக் குறைத்து, பொரியலைக் கூட்டுங்கள்.

7. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் 15 நிமிடம் சேர்ந்து நடங்கள். நடக்கும்போது சுகர் பேச்சு கூடாது!

8. இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, மாத்திரையையும் தவிர்க்கிறார் என்றால் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். அடுத்த செக்கப்பில் சுகர் நோட்டோடு இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை தாங்காது என்றால் 14416 டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.