பயனர் ஆய்வும் பல்கலைக்கழக நூலக இணையத்தள மறுவடிவமைப்பும்: தமிழ்த் தேடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நூலக இணையத்தளத்தின் மறுவடிவமைப்பு பெரும்பாலும் தோற்ற மாற்றமாகவே கருதப்படுகிறது. வாசகர் தேடும் சொல்லுக்கும் நூலகம் பதிந்துள்ள சொல்லுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டறிந்து குறைப்பதே அதன் முதற்பணி என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பயனர் ஆய்வு, நூற்பட்டியல், தமிழ்த் தேடல், எழுத்து வேறுபாடு, ஒருங்குறி.

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும் என்பது. இணையத்தளத்தில் இவ்விதி மீறப்படும்போது நேரம் மட்டும் வீணாவதில்லை. ‘முடிவுகள் இல்லை’ என்னும் விடையைக் காணும் ஆய்வாளர் அந்நூலே இல்லை எனக் கொள்கிறார். இருக்கும் ஆய்வு இல்லாததாகிறது.

ஆய்வுமுறை

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக நூலகம் மானிடவியல் முறையில் மாணவரை ஆராய்ந்தது. மாணவர்கள் தம் அன்றாட நடமாட்டத்தை வரைபடத்தில் குறித்தனர். தம் சூழலைப் படமெடுத்தனர். தமக்கு வேண்டிய நூலகத் தளத்தைத் தாளில் வரைந்தனர். நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர், சூசன் கிப்பன்ஸ் ஆகியோர் பதிப்பித்த அவ்வாய்வு 2007-இல் நூலாயிற்று. வாசகரிடம் கருத்துக் கேட்பதோடு நில்லாமல் அவர் செய்வதைக் காண வேண்டும் என்பதே அதன் பயன். ‘தளம் எளிதாக உள்ளதா?’ என்னும் வினாவுக்கு ‘ஆம்’ என்பவரும், ஓர் ஆய்வேட்டைத் தேடித் தருமாறு கேட்டால் தடுமாறலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஐவரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்பது யாக்கோப் நீல்சனின் கருத்து (2000). ஆயினும் இளங்கலை மாணவர், முனைவர்பட்ட ஆய்வாளர், பேராசிரியர் ஆகியோரின் தேவைகள் வேறானவை. ஆதலின் ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

பெயரீடு

‘நிறுவனக் களஞ்சியம்’ என்பது நூலகத்தார் வழக்கு. மாணவர் தேடுவது ‘ஆய்வேடுகள்’. தளத்தின் உட்பிரிவுகளை அட்டைகளில் எழுதி, வாசகரையே வகைப்படுத்திப் பெயரிடச் செய்தால் இவ்வேறுபாடு புலப்படும்.

தமிழ்த் தேடலின் சிக்கல்கள்

விடை கிடைக்காத தேடல்களின் பதிவு, பயனர் ஆய்வுக்குச் செலவில்லாத சான்று. அதில் ஆராயத்தக்கவை நான்கு.

முதலாவது, எழுத்து. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என உள்ளிடுவோர் உளர். ‘அவ்வையார்’ என்பாரும் உளர். முதலிரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. தனி விதி வகுக்க வேண்டும்.

இரண்டாவது, புணர்ச்சி. ‘புறநானூறு’ எனத் தேடுபவருக்குப் ‘புறநானூற்று’ எனத் தொடங்கும் தலைப்புகள், எழுத்துவரிசையை மட்டும் ஒப்பிடும் தேடுபொறியில் அகப்படா.

மூன்றாவது, பெயர். ‘உ.வே.சா.’, ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’ ஆகியவை ஒருவரையே குறிக்கின்றன. இவ்வடிவங்களை இணைக்கும் பெயர்ப்பதிவு இல்லையெனில் அவர் பதிப்புகள் சிதறிக் கிடக்கும்.

நான்காவது, உரோமன் எழுத்துப்பெயர்ப்பு. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் முறை தகரத்தை ‘டி’ என்னும் ஓரெழுத்தால் குறிக்கிறது; பொதுவழக்கில் ‘டி’, ‘எச்’ என ஈரெழுத்து இடுவர். ‘தொல்காப்பியம்’ எனத் தமிழில் உள்ளிடுவோர்க்கு உரோமன் பதிவு மட்டும் உள்ள நூல் தென்படாது.

மாணவர்கள் தேடத் தெரியாதவர்கள் என்பது பொதுவான குறை. மேற்காட்டியவற்றுள் எதிலும் வாசகர் பிழை செய்யவில்லை. ஒவ்வொன்றும் மொழியில் வழங்கும் வடிவமே. பயிற்சி வகுப்பால் இது தீராது. பட்டியலிலும் தேடுபொறியிலும் தீர வேண்டும்.

முடிவுரை

வண்ணமும் முகப்பும் மாறுவதற்கு முன்னர்த் தேடற்பதிவும் நேர்க்காட்சிச் சோதனையும் இடம்பெற வேண்டும். அவற்றால் அறியப்படும் சொல்வடிவங்களைத் திரட்டி நெறிப்படுத்தும் பணிக்கு எழுத்து, புணர்ச்சி, பதிப்பு வரலாறு ஆகியவற்றை அறிந்தோர் தேவை. எனவே மறுவடிவமைப்புக் குழுவில் நூலகருடனும் நிரலருடனும் தமிழ்த்துறையினர் இடம்பெறுதல் இன்றியமையாதது.