வெளி மாநிலம் செல்லும் முதியோருக்கு மருத்துவக் காப்பீடு

உக்கடம் பஸ் நிலையத்திலிருந்து பாலக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். வாளையாறு தாண்டினால் கேரளம். கோவை வட்டாரத்து விவசாயக் குடும்பங்களில் வயதானவர்கள் குருவாயூர், சபரிமலை என்று கோயிலுக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் இந்த வழியே போய் வருகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவோரும் உண்டு.

பஸ் எல்லையைக் கடந்துவிடும். கையிலுள்ள காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத குடும்பம், அவசர நேரத்தில் நகையை அடகு வைத்தோ கறவை மாட்டை விற்றோ ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட நேரிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே காணலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

தமிழகத்தில் அரசின் மருத்துவக் காப்பீடு 2009-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்து வருகிறது. 2018 செப்டம்பர் 23 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

இந்த இணைப்பினால் பயனாளிகள் இரு வகையாக இருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தேர்வான குடும்பங்கள் ஒரு வகை. இவர்களுக்கான செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாமல், வருமானச் சான்று கொடுத்து மாநிலத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்கள் இரண்டாவது வகை. இவர்களுக்கு மாநில அரசே முழுச் செலவையும் ஏற்கிறது.

வெளி மாநிலம் செல்வோருக்கு முக்கியமானது இந்த வேறுபாடுதான். முதல் வகையினர், ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்ந்துள்ள எந்த மாநிலத்திலும், அத்திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். இரண்டாம் வகையினருக்குத் தமிழக அரசின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டுமே அட்டை செல்லும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாலக்காட்டில் சிகிச்சை கிடைத்தது என்பதை வைத்து, தமக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த வகை என்று அறிவது எப்படி?

ஆயுஷ்மான் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14555. முதலமைச்சர் திட்டத்தின் எண் 1800 425 3993. ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு இந்த எண்களில் கேட்கலாம். பொது சேவை மையத்திலும் ஆதாரைக் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் உள்ளதா, அட்டை நடைமுறையில் உள்ளதா, போகும் ஊரில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது ஆகிய மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

70 வயது நிரம்பியவர்கள்

70 வயது நிரம்பிய எல்லோரையும், வருமானம் பாராமல் ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்க்கும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. வயதுக்கு ஆதாரே ஆதாரம். ஒரு குடும்பத்தில் இவ்வயதினர் இருவர் இருந்தால் ரூ.5 லட்சம் இருவருக்கும் சேர்த்தே ஆகும். ஏற்கெனவே ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பமாக இருந்தால், குடும்பத்திற்குரிய தொகை போக, முதியோருக்கென்று தனியாக ரூ.5 லட்சம் உண்டு.

வெளியூரில் சிகிச்சை பெற்றாலும் செலவை ஏற்பது பயனாளியின் சொந்த மாநிலமே. எனவே பெயர் பதிவாகி, அட்டை நடைமுறைக்கு வந்துவிட்டது என்று 14555-இல் உறுதி செய்துகொண்ட பிறகே அதை நம்பிப் புறப்பட வேண்டும். சென்று சேரும் மாநிலமும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஒடிசா 2025 ஜனவரியிலும் டெல்லி 2025 ஏப்ரலிலும்தான் இதில் சேர்ந்தன. கேரளத்தில் இத்திட்டம் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா என்ற பெயரில் நடைபெறுகிறது. அங்கு ஆஸ்பத்திரியில் விசாரிக்கும்போது இந்தப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே இக்காப்பீடு. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டு வருவதற்கும், வழக்கமான சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் கிடைக்காது. அவற்றைப் போகும் நாட்களுக்கு வேண்டிய அளவு ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். ஆயுஷ்மான் திட்டத்தில், சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் அடங்கும். பழைய நோய் என்று சொல்லி மறுப்பதில்லை.

இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் பணம் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று எண்ணக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் காப்பீட்டு உதவியாளரிடம் அட்டையைக் காட்டி, அனுமதி வாங்கச் சொல்ல வேண்டும்.

கைரேகைத் தொல்லை

மண்வெட்டியும் களைக்கொத்தும் பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் பதிவாவதில்லை. ஆஸ்பத்திரியில் ஆதாரைச் சரிபார்க்கும்போது இது தடையாக வரலாம். செல்போனுக்கு வரும் ரகசிய எண், கண் பதிவு, முகப் பதிவு ஆகிய வழிகளும் உண்டு. செல்போன் எண்ணை ஆதாருடன் முன்பே இணைத்து, அதே போனைக் கையில் கொண்டுபோக வேண்டும். போன் மகனிடம் ஊரில் இருந்தால், ரகசிய எண்ணைக் கேட்டுச் சொல்ல அவர் பேச்சுக்குக் கிடைக்க வேண்டும்.

அவசரமும் விபத்தும்

திடீர் நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் அட்டையைப் பற்றி யோசித்து நேரம் கடத்தக் கூடாது. 108-க்குச் சொல்லி அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மாநில அட்டை மட்டும் உள்ளவர்கள், உயிராபத்து நீங்கி, பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கோவையில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொள்ளலாம்.

சாலை விபத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், நாட்டின் எப்பகுதியில் வாகன விபத்தில் அடிபட்டாலும், குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குச் சிகிச்சை பெறலாம். இதற்குக் காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. 112-க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மூட்டு மாற்றுதல் போன்ற, நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சையைக் கோவையிலேயே முடித்துக்கொள்வது மேல். மறு பரிசோதனைக்குப் போய்வருவதும் எளிது.

தனியார் பாலிசி உள்ளவர்கள்

பிரிமியம் கட்டி எடுக்கும் பாலிசிகள் பொதுவாக நாடு முழுவதும் செல்லும். 2024 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம். ஆனால் பழைய நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தால், பிறகு பணம் மறுக்கப்படும். சில பாலிசிகளில், சிறிய ஊருக்கான குறைந்த பிரிமியம் கட்டிவிட்டுப் பெருநகரத்தில் சிகிச்சை பெற்றால் செலவில் ஒரு பகுதியை நோயாளியே ஏற்க வேண்டும். பெங்களூரில் தங்கப் போகிறவர்கள் இந்த விதியை முகவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம்.

கம்பெனியின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் பணமில்லாச் சிகிச்சை பெற 2024 ஜனவரியில் வழி செய்யப்பட்டது. முன்பே தீர்மானித்த சிகிச்சை என்றால் 48 மணி நேரத்திற்கு முன்பும், அவசரமாகச் சேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையெனில் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பையில் இருக்க வேண்டியவை

1. காப்பீட்டு அட்டையும் ஆதாரும், அவற்றின் நகலும்.
2. ரேஷன் அட்டையின் நகல்.
3. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டு.
4. ஆதாருடன் இணைந்த செல்போன்.
5. தொலைபேசி எண்களும், போகும் ஊரில் அட்டை செல்லும் ஆஸ்பத்திரியின் பெயரும் எழுதிய துண்டுத் தாள்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது நோய் விவரம் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி வர வேண்டும். ஊரில் தொடர் சிகிச்சைக்கு அது உதவும். இவற்றைப் புறப்படும் வாரத்திலேயே சரிபார்த்துக்கொண்டால், வெளியூரில் நோய் வந்தாலும் விவசாயக் குடும்பம் கடன்படாமல் தப்பலாம்.