கம்ப்யூட்டர் வருமுன் யாரைக் கேட்பது?

நான் ரயில்வேயில் இருந்தபோது எங்கள் பணிமனை ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதிகாரி கையெழுத்திட்ட இண்டென்ட் எண்ணைப் பதிந்தால்தான் பொருள் வழங்க முடியும். விதி சரிதான். ஆனால் இரவு 2 மணிக்கு எஞ்சின் பழுதானால் கையெழுத்துக்கு யாரைத் தேடுவது? முதலில் பொருளைக் கொடுத்து, காலையில் கையெழுத்து வாங்குவதே வழக்கம். ஆகவே பழைய நோட்டுப் புத்தகமே திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் கணக்கு ஒன்று, அலமாரி இருப்பு வேறொன்று.

“முன்பே சொல்லியிருக்கலாமே?” என்று ஸ்டோர் கிளார்க்கைக் கேட்டேன். “மீட்டிங்கில் பெரிய அதிகாரிகள் இருந்தார்கள் சார். நான் எப்படி வாய் திறப்பது?” என்றார். அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு தகவல் அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அதைப் பயன்படுத்துவோரே கூடி முடிவு செய்ய உதவும் மென்பொருள்கள் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நூனமேக்கர் குழுவினர் உருவாக்கிய ‘குரூப்சிஸ்டம்ஸ்’ இவற்றுள் முன்னோடி. பின்னர் மென்பொருள் அறிஞர் பேரி போமின் ‘வின்வின்’ முறையை இதனுடன் இணைத்து ‘ஈஸிவின்வின்’ உருவாயிற்று. இதன் சாரத்தை நான்கு படிகளாகச் சொல்லலாம்.

1. எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் திரையில், பெயரின்றித் தங்கள் தேவைகளை எழுதுவர். எழுதியது அதிகாரியா, கிளார்க்கா என்று தெரியாது.

2. ஒத்த கருத்துகளைச் சேர்த்து, சொற்களுக்குப் பொருள் வரையறுப்பர். ‘இருப்பு’ என்றால் அலமாரியில் உள்ளதா, கணக்கில் உள்ளதா?

3. ஒவ்வொரு தேவையும் எவ்வளவு முக்கியம், செய்து முடிப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இடுவர்.

4. மதிப்பெண்கள் பெரிதும் வேறுபடும் இடத்தில் நின்று பேசுவர்.

நான்காவது படிதான் உயிர்நாடி. ஒருவர் 10, மற்றவர் 2 போட்டால், சராசரி 6 என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. “ஏன் 10?” என்று கேட்க வேண்டும். இரவு 2 மணிப் பிரச்சினை அங்கேதான் வெளிவரும்.

மென்பொருள் மட்டும் போதாது. பக்கம் சாராமல் கூட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும். இரவு ஷிப்ட்காரரும் அழைக்கப்பட வேண்டும்.

நம் சங்க நூலகத்தைக் கணினிமயமாக்க நினைத்தால் இதையே செய்து பார்க்கலாம். பெயர் கேட்காத படிவத்தை இன்று கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். செயற்குழு மட்டுமன்றி, புத்தகம் எடுக்கும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் எழுதட்டும். கைப்பேசி பழகாத பாட்டிக்குப் பேரன் எழுதிக் கொடுக்கட்டும். அதன்பிறகு கம்ப்யூட்டர் வாங்கலாம்.