காலுக்கேற்ற காலணி



வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 52 எலும்புகள் இரு பாதங்களில் அடங்கியுள்ளன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எனலாம். உடலின் முழுச் சுமையையும் தாங்கும் இவ்வுறுப்பை, முகத்தைப் பேணுவதுபோல் நாம் பேணுகிறோமா என்பதைச் சற்றுச் சிந்திப்போமாக.

நம் முன்னோர் சீவியெடுத்த மரப்பால் உலகெங்கும் காலணிகளின் அடிப்பாகமாயிற்று. ஆயினும், அவர்களுள் பலர் வெறுங்காலுடனேயே நிரை நிரையாக நடந்தனர். ஈர மண்ணிலுள்ள கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் பாதத்தின் தோல் வழியே உடலுள் புகுந்து இரத்தச் சோகையை உண்டாக்கின. இன்று நம் பிள்ளைகள் காலணி அணிகின்றனர். அது காலுக்குப் பொருந்துகிறதா என்பதே இனி நாம் கவனிக்க வேண்டியது.

“வளரும் பிள்ளைதானே, இரண்டு எண் பெரிதாக இருக்கட்டும்” என்று வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது சிக்கனம் போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். பிரித்தானிய அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உள்ளது. இரண்டு எண் கூடினால் 17 மில்லிமீட்டர். விரல் நுனிக்கு முன்னால் இருக்க வேண்டிய இடைவெளியோ சுமார் 10 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்தால் ஓர் அங்குலத்திற்கும் மேல் வெற்றிடமாகிறது. அக்காலணியில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். குதிகால் உராய்ந்து கொப்புளம் தோன்றும். ஓடும் பிள்ளை இடறி விழும்.

சிறிய காலணி இதனினும் தீங்கானது. பிள்ளைகளின் பாத எலும்புகள் பதின்ம வயது வரை முற்றும் இறுகுவதில்லை. நெருக்கும் காலணியில் விரல்கள் மடங்கும்; நகம் சதைக்குள் வளரும். அண்ணன் அணிந்து தேய்ந்த காலணியைத் தம்பிக்குக் கொடுப்பதும் நன்றன்று. அது அண்ணனின் பாதத்திற்கேற்ப வளைந்துவிட்ட ஒன்றாகும்.

இனி, அளவெடுக்கும் முறையைக் காண்போம்.

1. நடந்து திரிந்த கால் மாலையில் சற்றே பருத்திருக்கும். ஆகவே மாலையில் அளப்பதே நன்று.

2. காலுறை அணிந்து, தாளின்மீது நேராக நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் அளவு குறையும்.

3. பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை அளக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருக்கும்.

4. இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தின் அளவையே கொள்ள வேண்டும்.

பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்ல இயலாத பெற்றோர், பாதத்தின் நீளத்தோடு 1 செண்டிமீட்டர் கூட்டி ஓர் ஈர்க்குச்சியை நறுக்கிக்கொள்க. அது காலணிக்குள் வளையாமலும் மிகுந்த இடம் விடாமலும் அமைந்தால் நீளம் சரி. வரைந்த தாளைக் காலணியின் அடிப்பாகத்தோடு ஒப்பிட்டால் அகலமும் விளங்கும். பனி நாடுகளில் பனிச்சறுக்கு கற்போர் வாங்கும் காலணிக்குப் பாதத்தின் நீளமே செண்டிமீட்டர் எண்ணாக அமைகிறது. முதலில் கால், பிறகே காலணி என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

பிள்ளை உடன் வந்தால், காலணியை அணிந்து கடைக்குள் நடந்து பார்க்கச் சொல்க. குதிகால் நழுவலாகாது, விரல்கள் அசைய வேண்டும், விரல்கள் தொடங்கும் இடத்தில் காலணி வளைய வேண்டும். “போகப் போகத் தளர்ந்துவிடும்” என்பதை நம்பி வாங்காதீர். விலை மிகுந்த காலணியைவிட, அளவு பொருந்திய எளிய துணிக் காலணியே மேலானது.

புதுக் காலணியை விளையாட்டுப் போட்டியன்றே முதன்முதலாக அணிதல் தவறு. சில நாள் முன்னரே சிறிது நேரம் அணிந்து பழகுக. நனைந்த காலணியை உள்ளே தாள் திணித்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துக.

பெற்றோர்களே! உழைத்துப் பெறும் ஊதியத்தில் காலணிக்குச் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியின் அருமையையும் நாம் அறிவோம். அதனாலேயே அளந்து வாங்குமாறு வேண்டுகிறோம். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிள்ளையின் காலைப் பாருங்கள். “கால் வலிக்கிறது” என்று பிள்ளை சொன்னால், அதனைப் பள்ளிக்கு வராதிருக்கக் கூறும் சாக்கென்று தள்ளாதீர்கள். காலணியைக் கழற்றிப் பாருங்கள். மாணவர்களே! புதுக் காலணி வாங்க இயலாதோ என்றஞ்சி வலியை மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள்; தயங்கினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பயிற்சி: இன்று மாலை உம் இரு பாதங்களையும் தாளில் வரைந்து அளந்து, தேதியுடன் குறித்து வைக்க. நான்கு மாதம் கழித்து மீண்டும் அளந்து, எவ்வளவு வளர்ந்துள்ளீர் எனக் கணக்கிடுக.