ஐ.எஃப்.எஸ்.சி.: பாஸ்புக்கில் உள்ள 11 எழுத்துகள்

கல்வி உதவித்தொகை, விதவை உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பும் சகோதர சகோதரிகள் பலரும் தயங்கி நிற்பது ஐ.எஃப்.எஸ்.சி. என்ற கட்டத்தில்தான். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். மூலம் வரும் பணம் எந்த வங்கியின் எந்தக் கிளைக்குச் சேர வேண்டும் என்று காட்டும் குறியீடு அது.

முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்., இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். பலர் அதை 'ஓ' என்ற எழுத்தாக எழுதிவிடுகிறார்கள். கடைசி ஆறும் கிளைக்குரியவை. காசோலையின் அடியில் இருக்கும் 9 இலக்க எம்.ஐ.சி.ஆர். எண் வேறு, அதை இங்கே எழுதக் கூடாது.

பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியுடன் இணைந்தது. அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. கிளைக்குப் போய்ப் புதிய பாஸ்புக் வாங்கி, அதன் முதல் பக்கத்தையே நகல் எடுத்து இணையுங்கள்.

குறியீடு செல்லாததாக இருந்தால் பெரும்பாலும் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், தாமதம்தான் நஷ்டம். கணக்கு எண் தவறுவதுதான் பெரிய ஆபத்து. பெயரைப் பார்க்காமல் எண்ணை வைத்தே வரவு வைப்பதால், வேறொருவர் கணக்கில் போய் விழலாம்.

இவ்விரண்டையும் பணம் அனுப்புபவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். ஓ.டி.பி.யோ ஏ.டி.எம். ரகசிய எண்ணோ கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் வந்து சேர அவை தேவையில்லை.