சோலார் மோட்டார்: முதலில் தவணையைப் பாருங்கள்

கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஆரோவில். அங்குள்ள சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் குறுக்களவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடத்துக்கு ஏற்ப நடுவில் உள்ள குழாய்தான் நகரும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி சமையலுக்குப் போகிறது. அதைப் பார்த்த விவசாயிகள், "சார், நம்ம கிணத்துக்கு வெயில்ல ஓடுற மோட்டார் போடலாமா?" என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் வங்கியில் கடன் கொடுத்துப் பழகியவன் நான். தகட்டைவிடத் தவணைதான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

கர்நாடகத்தில் 1995-இல் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹரீஷ் ஹண்டே. 2011-இல் மகசேசே விருது பெற்றவர். தெருவோர வியாபாரி ஒருவர் தனக்குக் கற்றுக்கொடுத்ததாக அவர் சொல்வது இது: மாதம் 300 ரூபாய் என்றால் கட்டுப்படியாகாது, தினம் 10 ரூபாய் என்றால் சரி. தொகை ஒன்றுதான். கையில் காசு வரும் நேரம்தான் வேறு.

நமக்கும் இதே கதைதான். 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் மானியம் தருகின்றன. வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். மீதிக்கு 48,000 ரூபாய் நான்கு வருடக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டியை விட்டுவிட்டால் மாதம் 1,000. கீரை, பூ போடுகிறவர் சமாளிப்பார். மணிலா போடுகிறவருக்கு அறுவடை வரை ஏது வரவு? மூன்றாம் மாதமே கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 6,000 என்று கேளுங்கள். விவசாயத் தவணைக் கடனில் அதற்கு இடமுண்டு. வட்டி கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, குதிரைத்திறன். மானியம் வருகிறதே என்று 5 எச்.பி.க்கு ஆசைப்படாதீர்கள். நாம் கடலோரம். வெயிலுக்கு பில் கிடையாதே என்று இறைத்துக்கொண்டே இருந்தால் கிணற்றில் உப்பு ஏறும். மூடாக்கும் சொட்டுநீரும் போட்டு ஒரு பருவம் பாருங்கள், 3 எச்.பி. போதுமா என்று தெரிந்துவிடும். கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

கண்ட்ரோலர் பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றாலும் தவணை நிற்காது.